டம்மி குண்டும் ஓலைக் கூரையும்

வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் 'தீவிரவாதிகள்' வந்து இறங்குகிறார்கள். படகில் வருவார்கள். பையில் டம்மி குண்டு இருக்கும். யார் கண்ணிலும் படாமல் கரையேறி, ஊருக்குள் ஏதாவது ஒரு முக்கியமான இடத்தில் அதை வைத்துவிட வேண்டும் என்பது அவர்களுக்கு உத்தரவு. அதற்குள் மடக்கிப் பிடிக்க வேண்டும் என்பது உள்ளூர்ப் போலீசுக்கு உத்தரவு. இரண்டு கோஷ்டிக்கும் சம்பளம் கொடுப்பது அரசாங்கம்தான். 'சாகர் கவச்' என்று பெயர். கடல் கவசம். 2008 நவம்பர் 26 அன்று பத்துப் பேர் படகில் வந்து மும்பையில் 166 பேரைக் கொன்றார்கள் அல்லவா, அதற்குப் பிறகு நாடு முழுக்கக் கடலோரத்தில் ஆரம்பித்த பழக்கம்.

மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் 'டம்மி குண்டுடன் வந்தவர்கள் பிடிபட்டனர்' என்று ஒரு சின்னச் செய்தி வரும். டீக்கடையில் வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெரியவர்கள் ஆடும் விளையாட்டுகளில் இது ரொம்ப சீரியசானது. வராத எதிரியை வந்ததாக வைத்துக்கொண்டு, நம் வீட்டுக் கதவு எவ்வளவு உறுதி என்று நாமே எட்டி உதைத்துப் பார்ப்பது.

இதை சிமுலேஷன் என்கிறார்கள். தமிழில் பாவனை, உருவகம், போலச்செய்தல் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 'ஒத்திகை' என்று ஒரு நல்ல வார்த்தை கைவசம் இருக்கும்போது எதற்கு இவ்வளவு சிரமம் என்று தெரியவில்லை. ஒரே ஒரு வித்தியாசம். நாடகம் நன்றாக நடக்க வேண்டும் என்று போடுவது சாதாரண ஒத்திகை. இதில் நாடகம் நடக்கவே கூடாது.

டெல்டாக்காரர்களுக்கு மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்தால் கல்லணைக்கு என்றைக்குத் தண்ணீர் வரும், அங்கிருந்து வெண்ணாற்றில் எத்தனை நாள், நாற்றங்காலை என்றைக்கு விடலாம், மழை முந்திக்கொண்டால் என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு விவசாயியும் ஒரு முழு சினிமாவையே தலைக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விதை நெல்லைத் தொடுவார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் இருந்தார். அவர் வயல் கடைமடை. வாய்க்காலின் கடைசி. "கல்லணையில பூ தூவித் தொறக்கறத டிவியில காட்டுவான் தம்பி. அது தண்ணி வந்த கணக்கில்ல. என் வயக்காட்டுல கணுக்கால் நனையிதான்னு பாத்துட்டுச் சொல்லணும், தண்ணி வந்துச்சா இல்லையான்னு" என்பார்.

கடைமடையில் நின்று பார்க்கும் இந்தப் பார்வையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டடங்களுக்கும் இது தேவைப்படப் போகிறது.

இப்போதெல்லாம் ஒரு பெரிய கட்டடத்தின் பாதுகாப்பைச் சோதிக்க நிஜப் படகும் நிஜப் போலீசும் வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் கட்டடத்தைக் கட்டிவிடலாம். 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரில் ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் லாரி குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். அதில் 19 பேர் குழந்தைகள். குண்டின் வேகத்தில் செத்தவர்களைவிட, கீழே தூண்கள் போனதால் மேலே மாடி மாடியாகச் சரிந்ததில் செத்தவர்கள் ஜாஸ்தி. அதற்குப் பிறகு கட்டட நிபுணர்கள் ஒரு பரீட்சையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் கட்டடத்திலிருந்து ஒரு தூணை உருவிவிடுவது. மிச்சத் தூண்கள் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றனவா, இல்லை சீட்டுக்கட்டு மாதிரி சரிகிறதா என்று பார்ப்பது. அடுத்த தூண், அதற்கடுத்த தூண் என்று வரிசையாக உருவிப் பார்க்கலாம். ஒரு செங்கல் செலவில்லை.

அடுத்தது மனிதர்கள். 1995-ல் ஜெர்மனியில் டிர்க் ஹெல்பிங் என்பவரும் பீட்டர் மோல்னாரும் சேர்ந்து, கூட்டத்தில் நடக்கும் மனிதர்களை ஒருவரையொருவர் தள்ளும், விலக்கும் துகள்களாகப் பாவித்துக் கணக்குப் போட முடியும் என்று காட்டினார்கள். 2000-ல் ஹெல்பிங் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பீதியில் ஒரு கதவை நோக்கி எல்லாரும் வேகமாகப் போனால் மெதுவாகத்தான் வெளியேற முடியும் என்பது அதன் சாரம். வாசலில் வளைவாக ஒரு மனித அணை கட்டிக்கொண்டு விடுகிறது. உப்பு ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஓட்டையில் அடைத்துக்கொள்கிறதே, அந்த மாதிரி. ஆச்சரியம் என்னவென்றால், கதவுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி, நேர் நடுவில் இல்லாமல் சற்றே விலக்கி ஒரு தூணை நிறுத்தினால் அடைப்பு குறைந்து கூட்டம் சீராக வெளியேறுகிறது. குறுக்கே நிற்கும் தூண் வழிவிடுகிறது! இதையெல்லாம் நிஜ மனிதர்களை வைத்துச் சோதிக்க முடியாது. சோதித்தால் ஜெயில்.

மூன்றாவதாக எதிரி. இங்கேதான் விஷயம் தத்துவத்தைத் தொடுகிறது. தீ யோசிக்காது. நீங்கள் தண்ணீர் வாளியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு வேறு பக்கம் பற்றாது. தீவிரவாதி யோசிப்பான். திங்கள்கிழமை பத்து மணிக்கு ரோந்து வருகிறது என்று தெரிந்தால் பதினொரு மணிக்கு வருவான். இதற்காக மிலிந்த் தாம்பே என்ற, மும்பையில் வளர்ந்த பேராசிரியர் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களோடு ஒரு முறையை உருவாக்கினார். விளையாட்டுக் கோட்பாட்டை வைத்து ரோந்து நேரங்களையும் சோதனைச் சாவடிகளையும் கலைத்துப் போடும் மென்பொருள். 2007-ல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் அதை உபயோகிக்க ஆரம்பித்தார்கள். கன்னாபின்னாவென்று கலைப்பதில்லை. முக்கியமான இடத்துக்கு ஜாஸ்தித் தடவை, முக்கியமில்லாத இடத்துக்குக் கம்மித் தடவை வருகிற மாதிரி, ஆனால் எப்போது என்று யாரும் ஊகிக்க முடியாத மாதிரிக் கலைக்கும்.

எது முக்கியம்? அதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. யாராவது உட்கார்ந்து ஒரு பட்டியல் போட வேண்டும். இந்த இடம் தாக்கப்பட்டால் நமக்கு எவ்வளவு நஷ்டம், அவனுக்கு எவ்வளவு லாபம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே ஓர் எண்ணை எழுத வேண்டும். கணக்கு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நியாய அநியாயம் எல்லாம் அந்தப் பட்டியலில் முடிந்துவிடுகிறது.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு அப்படி ஒரு பட்டியல் போடச் சொன்னால் முதல் பெயர் என்ன எழுதுவோம்? பெரிய கோயில். சந்தேகமே இல்லை. ஆயிரம் வருஷத்துக் கோயில், 1987-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அதை ஒருவன் தொட்டால் உலகம் பூராவும் செய்தி. தீவிரவாதிக்கும் அதுதான் வேண்டும்.

பாதுகாப்பு என்ற விஷயத்தில் அந்தக் கோயிலுக்கு அனுபவம் நிறைய. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளிலேயே 'திருமெய்காப்பு' என்று ஓர் ஏற்பாடு வருகிறது. கோயிலைக் காவல் காக்க சோழ நாட்டின் பல ஊர்ச் சபைகள் ஆள் அனுப்ப வேண்டும். அவர்களுக்குக் கூலியாக நெல்லையும் அந்தந்த ஊரே அளக்க வேண்டும். எந்தெந்த ஊர் எத்தனை ஆள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். டெண்டர் இல்லை, ஏஜென்சி இல்லை. செக்யூரிட்டிக்கு ஆகும் செலவு எந்த வயலிலிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பிற்காலத்தில் கோயிலைச் சுற்றிக் கோட்டைச் சுவர் வந்தது, அகழி வந்தது. படைகள் வந்துபோன காலத்தில் சுவரில் துப்பாக்கி நீட்டத் துவாரங்கள் வந்தன. இன்றைக்கும் உள்ளே போகிறவர்கள் அகழியைக் கடந்து, மராட்டா வாசலைத் தாண்டி, கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் என்று வரிசையாக நுழைகிறோம். எதிரி சுலபமாக உள்ளே வந்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்துச் செய்த அமைப்பு.

உள்ளே வருவதற்குக் கஷ்டமான இடம், வெளியே போவதற்கும் கஷ்டமான இடம்தான்.

1997 ஜூன் 7. கும்பாபிஷேகத்துக்காகக் கோயிலுக்குள்ளே ஓலை வேய்ந்து பெரிய யாகசாலை போட்டிருந்தார்கள். ஓலை பற்றிக்கொண்டது. தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எந்த எதிரியும் வரவில்லை. சாளுக்கியனும் வரவில்லை, பாண்டியனும் வரவில்லை. ஆயிரம் வருஷமாக நிற்கும் கல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓலையும் மனிதர்களும் எரிந்தார்கள்.

இன்னும் மேற்கே வாருங்கள், ஸ்ரீரங்கம். 2004 ஜனவரி 23. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஓலைப் பந்தல். முகூர்த்த நேரத்தில் தீப்பிடித்தது. மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாடியில் ஓலை, கீழே இறங்குவதற்குக் குறுகலான வழி, நிறைய ஜனம். இதைத்தான் ஒரு கம்ப்யூட்டர் நிபுணரிடம் கொடுத்து, 'ஒரு மாதிரி போட்டுக் காட்டுங்கள்' என்றால் போட்டுக் காட்டுவார். இங்கே கடவுளோ விதியோ மண்டப நிர்வாகமோ நிஜ மனிதர்களை வைத்தே போட்டுக் காட்டிவிட்டது. முடிவுகள் எல்லாப் பேப்பரிலும் படத்தோடு வந்தன.

அதிலிருந்து சரியாக 175-வது நாள். 2004 ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளிக்கூடம். கீழே சத்துணவுச் சமையற்கூடத்தின் கூரையில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் ஓலைக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள்.

ஓலை, மாடி, குறுகல் வழி, ஜனம். இடத்தை மட்டும் மாற்றி அதே கணக்கு. நூறு கிலோமீட்டருக்குள், ஆறு மாசத்துக்குள். ஸ்ரீரங்கத்தில் வந்த விடையை யாராவது எடுத்துக்கொண்டு போய், இதே நான்கும் சேர்ந்திருக்கும் இடங்கள் திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களில் வேறு எங்கெங்கே என்று ஒரு பட்டியல் போட்டிருந்தால் காசிராமன் தெரு அதில் வந்திருக்கும். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு சைக்கிளும் நோட்டுப் புத்தகமும் போதும்.

பிறகு எல்லாம் நடந்தது. நீதிபதி சம்பத் கமிஷன், பள்ளிகளில் ஓலைக் கூரைகளை அகற்றும் உத்தரவு, பத்து வருஷம் கழித்து 2014-ல் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் 2009-ல், தீயணைப்பு வசதியும் பாதுகாப்பான கட்டடமும் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்று நாடு முழுவதற்குமாகச் சொன்னது. எல்லாம் சரி. நான் கேட்க நினைப்பது வேறு. படகில் வரும் தீவிரவாதியை இவ்வளவு துல்லியமாகக் கற்பனை செய்து, அவனுக்கு வேஷம் போட்டு, டம்மி குண்டு கொடுத்து, ராத்திரி இரண்டு மணிக்குக் கரையில் இறக்கிப் பார்க்கத் தெரிந்த நமக்கு, அடுப்பிலிருந்து கூரைக்குத் தாவும் ஒரு பொறியைக் கற்பனை செய்ய ஏன் தெரியவில்லை?

எனக்குத் தோன்றும் காரணம் கொஞ்சம் கசப்பானது. எதிரியைக் கற்பனை செய்வது சௌகரியம். அவன் வெளியாள், தப்பு அவன் பேரில். அவன் வந்தால் நாம் பாதிக்கப்பட்டவர்கள், வராவிட்டால் ஜாக்கிரதையானவர்கள். இரண்டிலும் நமக்கு மரியாதைதான். ஓலைக் கூரையைக் கற்பனை செய்தால் அடுத்த நிமிஷமே 'யார் அனுமதி கொடுத்தது, யார் கையெழுத்துப் போட்டது, யார் காசை மிச்சம் பிடித்தது' என்று கேள்வி உள்ளே திரும்பிவிடும். அந்த ஒத்திகையில் வில்லன் வேஷத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஊரிலேயே இருக்கிறார். கல்யாணத்தில் நம் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருப்பார்.

உடனே, 'அப்போ தீவிரவாதம் எல்லாம் சும்மா பூச்சாண்டி என்கிறீர்களா?' என்று கேட்காதீர்கள். 1998 பிப்ரவரி 14 கோயமுத்தூரை மறந்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். குண்டுகள் வரிசையாக வெடித்து 58 பேர் போனார்கள். ஸ்ரீபெரும்புதூர் நடந்ததும் நம் மாநிலத்தில்தான். ஒத்திகை வேண்டும். யாரை எண்ணுகிற ஒத்திகை என்பதுதான் சண்டை.

ஏனென்றால் தீவிரவாதிக்கு எதிராகப் போடும் பூட்டும், தீ பிடித்தால் திறக்க வேண்டிய கதவும் ஒன்றேதான். மெட்டல் டிடெக்டர் வைக்கிறோம். நான்கு வழி இருந்த இடத்தில் மூன்றை அடைத்து ஒரே வழியாக விட்டால்தான் எல்லாரையும் சோதிக்க முடியும். அடைத்த மூன்றுக்கும் பூட்டு. சாவி யாரிடம்? 'மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார் சார்.' எதிரியை மட்டும் உள்ளே விட்டு ஓட்டும் ஒத்திகையில் இந்தக் கட்டடம் நூற்றுக்கு நூறு வாங்கும். கூட்டத்தையும் உள்ளே வைத்து ஓட்டினால் ஃபெயில்.

கூட்டமும் எப்படிப்பட்ட கூட்டம்? கம்ப்யூட்டர் மாதிரிகளில் எளிமையானவற்றில் மனிதன் ஒரு வட்டம். விட்டம் அரை மீட்டர் சொச்சம், விநாடிக்கு ஒரு மீட்டர் சொச்சம் வேகம், கண் கதவின் மேல். நம்ம ஊர்க் கோயிலுக்கு வருகிறவர்கள் இப்படியா? குடும்பம் ஒரு சங்கிலி. இடுப்பில் குழந்தை, கையில் தேங்காய்த்தட்டு, முட்டிவலிப் பாட்டி, 'எங்கடா உங்க அப்பா?' என்று திரும்பி எதிர்த்திசையில் போகும் ஒரு அம்மா. செருப்பு விட்ட இடத்துக்குத்தான் எல்லாரும் போவார்கள், பக்கத்தில் வேறு வாசல் திறந்திருந்தாலும். ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் இப்போது கணக்கில் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். சேர்த்த பிறகும் கடைசியில் அறிக்கையில் கொட்டை எழுத்தில் வருவது சராசரி. 'சராசரியாக நான்கு நிமிஷத்தில் வெளியேறலாம்.' என் சித்தப்பா இதைக் கேட்டால் கல்லணையில் பூ தூவுகிற கணக்கு என்பார். கடைசி ஆள் எத்தனை நிமிஷத்தில்? அவர் யார்? அவருக்கு என்ன வயசு? சராசரியைச் சொல்வது எஞ்சினியரிங். கடைசி ஆள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்று ஒரு சமூகம் முடிவு செய்வது எஞ்சினியரிங் இல்லை.

இன்னொரு சிக்கல், ஆபத்து இடம் பெயர்வது. வாசலில் சோதனை வைத்தால் வாசலுக்கு வெளியே வரிசை நீளும். 2016 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது சோதனையைத் தாண்டி அல்ல. அதற்கு முன்னால், பெட்டிகளோடு ஜனங்கள் நின்றிருந்த கூடத்தில். கட்டடம் பத்திரமாகிவிட்டது என்று சிமுலேஷன் சொல்லும். உள்ளே இருந்த ஆபத்தை வாசலில் பூ விற்கிறவர் தலையிலும், தலையாட்டி பொம்மை விற்கிறவர் தலையிலும் இறக்கி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லாது. நாம் கேட்கவில்லையே. படத்தில் கோயில் மதிலோடு கோடு போட்டு நிறுத்தியிருந்தோம்.

சந்தேகப்படுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. திருவிழாவுக்கு ஒரு லட்சம் பேர் வருகிறார்கள், அதில் ஒருவன் கெட்டவன் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும் ஒரு மாயக் கேமரா நம்மிடம் இருக்கிறது. அது அந்த ஒருவனைக் காட்டிக்கொடுக்கும். கூடவே ஏறக்குறைய ஆயிரம் அப்பாவிகளையும் காட்டிக்கொடுக்கும். ஆயிரத்தொருவரில் ஆயிரம் பேர் ஒன்றும் செய்யாதவர்கள். அந்த ஆயிரம் பேரும் யார் மாதிரி இருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். நன்றாக உடுத்தி, இங்கிலீஷ் பேசுகிறவர்களாக இருக்க மாட்டார்கள்.

இது வெறும் கணக்கு இல்லை. 2002 செப்டம்பர் 24 அன்று காந்திநகர் அக்ஷர்தாம் கோயிலில் புகுந்து சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வழக்கில் ஆறு பேருக்குத் தண்டனை, அதில் மூன்று பேருக்கு மரண தண்டனை. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அன்றைக்குப் பார்லிமென்ட் தேர்தல் முடிவு வந்த நாள். அதனால் நிறையப் பேர் கவனிக்கவில்லை. ஒரு கட்டடத்தின் பாதுகாப்பை எடை போடும்போது இந்த மாதிரி நஷ்டத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பெரும்பாலும் அதற்குக் கட்டமே கிடையாது.

கடைசியாக ரகசியம். பாதுகாப்புச் சோதனையின் முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் எதிரிக்கு வழி காட்டின மாதிரி என்பார்கள். பாதி நியாயம். எந்த நேரத்தில் எத்தனை காவலர், கேமரா எந்த மூலையைப் பார்க்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதுதான். யோசிக்கிற எதிரி படித்துவிடுவான். ஆனால் தீ படிக்காது. நெரிசல் படிக்காது. மின்சாரம் படிக்காது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில் தேர் மேலே உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்களே, அந்தக் கம்பிக்கும் தேர் உச்சிக்கும் எத்தனை அடி இடைவெளி என்பதை யாரிடமிருந்து ஒளிக்க வேண்டும்? ஒரு மண்டபத்துக்கு எத்தனை வழி, எத்தனை பேர் கொள்ளும், கடைசி ஆள் வெளியேற எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் வாசலில் போர்டு எழுதி மாட்டினால் தேசப் பாதுகாப்புக்கு ஒரு குந்தகமும் வராது. மண்டபத்தின் வாடகைக்குக் குந்தகம் வரலாம். 'செக்யூரிட்டி' என்ற சொல் பல சமயம் மறைப்பது எதிரி தெரிந்துகொள்ளக் கூடாததை அல்ல, நாம் தெரிந்துகொண்டால் கேள்வி கேட்கக் கூடியதை.

பாடம் படிக்கவே மாட்டோம் என்றும் இல்லை. பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5-ல் மறுபடி கும்பாபிஷேகம் நடந்தபோது யாகசாலையை உள்பிராகாரத்தில் போடாமல் பெத்தண்ணன் கலையரங்கத்தில் போட்டார்கள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூன் மாதத்தை யாரோ மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

கும்பகோணத்துக்கு ஒரு பெரிய பரீட்சை பாக்கி இருக்கிறது. மகாமகம். 1992 பிப்ரவரி 18-ல், முதலமைச்சரும் நீராட வந்திருந்த வேளையில், குளக்கரை நெரிசலில் சுமார் ஐம்பது பேர் இறந்தார்கள். 2004-லும் 2016-லும் அந்த மாதிரி எதுவும் இல்லாமல் நடந்தது. அதற்காக உழைத்தவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தியதாக ஞாபகம் இல்லை. நடக்காத விபத்துக்கு யார் பொன்னாடை போர்த்துகிறார்கள்? அடுத்தது 2028. குளம் சுமார் ஆறு ஏக்கர், இருபத்து நாலாயிரம் சதுர மீட்டர் சொச்சம். ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேர் என்றால் ஒரு லட்சம். ஆறேழு பேருக்கு மேல் போனால் யாரும் தன் காலால் நிற்பதில்லை, கூட்டம் தண்ணீர் மாதிரி அலை அடிக்க ஆரம்பித்துவிடும் என்கிறார்கள் நிபுணர்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் போனது கோயில் குளத்தில் அல்ல, தெருவில், ஓர் அரசியல் கூட்டத்தில்.

2028-க்கு எப்படியும் ஒத்திகை பார்ப்பார்கள். மோப்ப நாய் வரும், ட்ரோன் பறக்கும், டம்மி குண்டு வைப்பார்கள், கண்டுபிடிப்பார்கள். பார்க்கட்டும். கூடவே ஒரு நாள் சாயங்காலம், ஐந்நூறு காலேஜ் பிள்ளைகளையும் கும்பகோணத்திலிருந்தே ஐம்பது தாத்தா பாட்டிகளையும் ஈரப் புடவை, ஈர வேட்டியோடு வடகரைப் படியில் நிற்க வைத்து, 'சரி, எல்லாரும் வெளியே வாங்க' என்று சொல்லிப் பார்க்க வேண்டும். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். முதல் ஆள் வெளியே வரும்போது அழுத்த வேண்டாம்.